சொக்லேட் இல்லாத பெட்டி

அத்தியாயம் ஐந்து

"என்ரை மனிசிக்கு வேறை ஆரோ ஒராள் இருக்கு எண்டு நினைக்கிறன், தங்கச்சி."

சொல்லிவிட்டுக் குலேந்திரன் அண்ணை எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் யசோதரா அக்கா உரித்துப் போட்டிருந்த தோடம்பழத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். கோயில் நிர்வாகசபையில் இருக்கிறவர். சேர்ட்டைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். அந்த வசனத்தை வீட்டில் பலதரம் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். பாடமாக்கிய பிள்ளை ஒப்பிப்பது போலத்தான் அது வந்து விழுந்தது.

நான் தினேசன். சுவிஸில், டீட்டிகோன் என்ற ஊரில், விடியற்காலையில் ஒரு களஞ்சியத்தில் பொதி தூக்குவேன். மத்தியானத்துக்குப் பிறகு அக்காவுக்குக் கார் ஓட்டுவேன், கதவு தட்டுவேன், தேவையில்லாத இடத்தில் வாய் திறப்பேன். கடைசி வேலைக்குச் சம்பளம் இல்லை. ஆனால் அதைத்தான் மனம் வைத்துச் செய்கிறேன்.

அக்கா முன்பு அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். வந்தவர் சொல்வதை அப்படியே ஜெர்மனில் சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் விழுங்கியதைச் சொல்ல அனுமதி இல்லை. "விழுங்கினதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது நிறைஞ்சுபோச்சு, அதுதான் இந்தக் கடையைத் திறந்தனான்" என்பார். கடை என்றால் வின்டர்தூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு சலூனுக்கு மேலே, ஒற்றை அறைத் துப்பறியும் அலுவலகம்.

"ஏன் அப்பிடி நினைக்கிறியள்?" என்று கேட்டார் அக்கா.

"வாற வியாழன் லூர்து மாதாவிட்டைப் போறாவாம். கோயில் பொம்பிளையளோடை பஸ்ஸிலை. நாலு நாள்."

"போகட்டுமே. சைவச் சனமும்தானே போகுது."

"கோயில்லை ஒரு பொம்பிளைக்கும் அப்பிடியொரு பயணம் தெரியாது. நான் சாடைமாடையாய் விசாரிச்சனான். கட்டிலுக்குக் கீழை பெட்டி அடுக்கி வைச்சிருக்கிறா." குரல் இறங்கியது. "திறந்து பாத்தனான். பாத்திருக்கக் கூடாது. பாத்திட்டன்."

"என்ன இருந்தது?"

"புதுப் பாஸ்போட். மழைக்கோட்டு. நடக்கிற சப்பாத்து. சதுரக்கால் வைச்ச பிளக் ஒண்டு. பழைய பருத்திச் சீலையள். வேறை ஒண்டும் இல்லை."

"மழைக்கோட்டோ? லூர்திலை தீர்த்தம் மேலேயிருந்தோ விழுது?" என்றேன் நான்.

அக்கா ஒரு தோடம்பழச் சுளையை என் பக்கம் தள்ளினார். எங்கள் அலுவலகத்தில் அதற்கு 'வாயை அடை' என்று அர்த்தம். நான் அடைத்தேன்.

"சதுரக்கால் பிளக் எண்டால் லண்டன் பக்கம்," என்றார் அக்கா. "பாஸ்போட்டும் அதைத்தான் சொல்லுது. லூர்து இருக்கிற பிரான்சுக்கு எங்கட அடையாள அட்டையே போதும். பிரித்தானியாக்காரர்தான் இப்ப ரெண்டு வருஷமாய்ப் பாஸ்போட் கொண்டா எண்டு நிக்கினம். லண்டனிலை உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"என்ரை அக்கா. ஹரோவிலை."

"பெட்டிக்குள்ளை சொக்லேட் இருந்ததோ?"

குலேந்திரன் அண்ணை முதல் தரம் நிமிர்ந்து பார்த்தார். "இல்லை."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. சுவிஸ் தமிழன் லண்டனுக்குப் போனால் பெட்டியில் பாதி சொக்லேட். அக்கா வீட்டுக்கு ஒரு பை, மச்சாள் வீட்டுக்கு ஒரு பை, விமான நிலையத்திலிருந்து ஏற்றிப்போகிற பெடியனுக்கு ஒரு பை, எதிர்பாராமல் வாசலில் நிற்கிற சனத்துக்கென்று அவசரத்துக்கு ஒரு பை. வெறுங்கையோடு போய் நின்றவர்களைப் பற்றி இன்றைக்கும் ஹரோவில் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"அப்ப அவ போறது லண்டன் பக்கம், ஆனால் எங்கட சனத்தின்ரை வீடு ஒண்டுக்கும் விருந்தாளியாய்ப் போகேல்லை," என்றார் அக்கா. "பிள்ளையள்?"

"எங்களுக்குப் பிள்ளையள் இல்லை."

இதைத் தோடம்பழத் தோலுக்குத்தான் சொன்னார்.

"ஏன் அண்ணை, நேர அவவிட்டையே கேக்கலாமே?"

"கேக்க வெக்கமாய்க் கிடக்கு, தங்கச்சி." கழுத்துப் பொத்தானைத் தடவினார். "வியாழன் விடிய வெளிக்கிட்டிடுவா. அதுக்கு முதல் எந்த ஊர், எந்த வீடு எண்டு மட்டும் எனக்குக் கண்டுபிடிச்சுத் தாங்கோ. அதுக்குப் பிறகு இந்தச் சந்தர்ப்பம் எனக்கு வராது."

அன்று செவ்வாய்க்கிழமை.

*

அவருடைய மனைவி இராஜேஸ்வரிக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. பின்னேரம்தான் வருவார். அந்த இடைவெளியில் நாங்கள் வீட்டுக்குப் போனோம். மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. அண்ணை ஒவ்வொரு படியிலும் வலது முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு ஏறினார்.

"அறுவைச் சிகிச்சை செய்யச் சொல்லுகினம். நான்தான் கடத்திக்கொண்டு வாறன்," என்றார்.

வீடு அப்படியொரு துப்புரவு. குளிர்பெட்டிக் கதவு முழுக்க, வின்டர்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற கீபூர்க் கோட்டைப் படங்கள். லண்டன் ஆட்கள், கனடா ஆட்கள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடுவில் அண்ணை, பின்னால் அதே மதில்.

"வாற ஆக்களையெல்லாம் அங்கைதான் கூட்டிக்கொண்டு போறனீங்களோ?" என்று கேட்டேன்.

"எனக்குக் கோட்டை எண்டால் விசர், தம்பி. அவ சிரிப்பா." கோட்டையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் மனிதரின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. தேநீர் ஊற்றிக் கொண்டுவந்தார். எங்களுக்குச் சீனி போட்டார். தன்னுடையதில் போடவில்லை.

அக்கா தேநீரோடு எழுந்து சமையலறைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அரிசி, பருப்பு, தேயிலை. மேல்தட்டில் ஒரு பழைய கோப்பி அரைக்கும் மெஷின்.

"கோப்பி குடிப்பியளோ?"

"சீச்சீ, நாங்கள் தேத்தண்ணிக்காரர். அது கோப்பிக்கு வாங்கினதில்லை." சொல்லிவிட்டு அவர் சட்டென்று குவளையைக் கழுவப் போனார்.

அக்கா மெஷினின் மூடியைத் திறந்து முகர்ந்தார். மூடினார். பிறகு வரவேற்பறைச் சுவருக்குப் போனார். அங்கே ஒரு தமிழ்க் கடைக் கலண்டர் தொங்கியது. சின்னக் கலண்டர். அதைச் சுற்றிச் சுவரின் நிறம் வேறாக இருந்தது. முன்பு அதே இடத்தில் ஒரு கதவின் பாதி அளவுக்குப் பெரிய ஏதோ தொங்கியிருக்க வேண்டும். அக்கா அந்த வெளிறிய சதுரத்தின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். 

படுக்கையறையில் பெட்டியை இழுத்தது நான். திறந்ததும் நான்தான். திறந்த அடுத்த கணம் தும்மினேன். ஒன்றல்ல, வரிசையாக. பருத்திச் சீலைகளுக்கு நடுவே, பொலித்தீனுக்குள் பொலித்தீனாகச் சுற்றி, செங்கல் அளவில் ஒரு பொதி. மண்ணிறத் தூள்.

"இதென்ன அண்ணை?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "கறித்தூளாக்கும்."

"பாருங்கோ கதையை! அந்த ஆளுக்குச் சமைச்சுப்போடவும் ஆயத்தமாய்த்தான் போறா," என்றேன்.

அவருடைய முகம் காதுமடல் வரை சிவந்தது. கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு இன்னும் கிட்டப் போய் யன்னலோடு நின்றார். பகிடி சரியாகப் போய் விழவில்லை என்று தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை. தெரியவந்தபோது நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா பொதியின் ஓரத்தில் விரலை ஒற்றி நாக்கில் வைத்தார்.

"மிளகாய் இல்லை," என்று மட்டும் சொன்னார்.

*

வின்டர்தூரில் எங்கள் ஆட்கள் பயணச்சீட்டு வாங்குவது பெரும்பாலும் மயூரியிடம்தான். முப்பத்தைந்து வயதுக்காரி. இரண்டு தொலைபேசிகளிலும் ஒரே நேரத்தில் கதைக்கக்கூடியவள். வாடிக்கையாளரின் பெயரை உயிர் போனாலும் வெளியில் விடமாட்டாள். பெயரைத் தவிர மற்றதையெல்லாம் விடுவாள்.

அக்கா கதிரையில் அமர்ந்து பெருமூச்சு விட்டார். "களைச்சுப்போனன் பிள்ளை. எனக்கும் இந்தத் தம்பிக்கும் மூண்டு நாலு நாள் எங்கையும் ஓடவேணும். இங்கிலாந்துப் பக்கம். கடல் வேணும். ஆனால் சொந்தக்காரர் ஒருத்தரும் இருக்கக்கூடாது."

"அக்கா! போன மாசம் ஒரு அன்ரியும் இதைத்தானே கேட்டவ!" மயூரி ஒரு தொலைபேசியை வைத்தே விட்டாள். "டென்பி. வேல்ஸிலை. லண்டனிலை இருந்து ரயிலிலை போகலாம். பழைய ஊர் அக்கா. ஊரைச் சுத்திக் கல்மதில். ஐஞ்சு வளைவு வைச்ச ஒரு வாசல். துறைமுகத்துக்கு மேலை ரோஸ், நீலம், மஞ்சள் எண்டு வரிசையாய் வீடுகள். கடலுக்குள்ளை ஒரு பாறை, அதுக்கு மேலை ஒரு கோட்டை. கடல் வத்தினால் மணலிலை நடந்தே கிட்டப் போகலாம். பெருகினால் சுத்தித் தண்ணி."

"அந்த அன்ரி தனியவோ?"

"ரெண்டு பேர். மற்ற ஆள் ஆம்பிளை. பேர் கேக்காதேங்கோ."

"ஆர் கேட்டது? அவ என்னென்ன ஒழுங்கு செய்விச்சவவோ, அப்பிடியே எனக்கும் செய்து தா."

மயூரிக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. அந்த அன்ரி எத்தனையோ தரம் வந்து போனாராம். அறை கீழ்த்தளத்தில் வேண்டும். யன்னலைத் திறந்தால் மதில் தெரிய வேண்டும். கடற்கரைக்குப் படியில்லாத வழி எது? காலைச் சாப்பாட்டில் சீனி இல்லாமல் என்ன கிடைக்கும்? நாலு நாளும் கடல் எத்தனை மணிக்கு வற்றும், அந்த நேரம் மழை இருக்குமா?

"மழையை நான் என்னெண்டு சொல்லுறது, அக்கா? ஆனால் பாவம், அவவுக்கு எல்லாம் சரியாய் வரவேணும் எண்டு ஒரு பதகளிப்பு. முதல் நாள் ஒண்டும் வேண்டாமாம். 'முதல் நாள் அவர் சும்மா மதிலையும் கடலையும் பாத்துக்கொண்டு திரியட்டும். மனம் கொஞ்சம் இளகட்டும். அடுத்த நாள்தான்...' எண்டு சொல்லிப்போட்டு நிப்பாட்டினவ. கண் கலங்கினமாதிரி இருந்தது. நான் பாக்காதமாதிரி இருந்திட்டன்."

"அடுத்த நாள் என்னவாம்?"

"சொல்லேல்லை. துறைமுகத்துக்கு மேலை இருக்கிற வீடுகளுக்குக் கார் போகுமோ எண்டு மட்டும் கேட்டவ."

*

"முழங்கால் ஏலாத, சீனி வருத்தக்காரக் காதலன்," என்றேன், காரை எடுத்தபடி. "இது காதலோ, கிளினிக்கோ, அக்கா?"

"குலேந்திரன் அண்ணை தன்ரை தேத்தண்ணிக்கு என்ன போட்டவர்?"

"ஒண்டும் போடேல்லையே. சீனி..."  மூன்றாம் மாடிப் படிகளும், முழங்காலைப் பிடித்த கையும், குளிர்பெட்டிக் கதவில் இருந்த அத்தனை மதில்களும் ஒன்றாக வந்து நின்றன. "அட கடவுளே! மற்ற ரிக்கெட் அவருக்கே!"

"பச்சை விழுந்திட்டுது. எடு காரை."

"அப்ப விஷயம் முடிஞ்சுது! மனிசனுக்குத் தெரியாமல் மனிசி கோட்டை காட்டக் கூட்டிக்கொண்டு போறா. சொல்லப் பயத்திலை லூர்து எண்டு ஒரு சாட்டு. நாங்கள் போய்ச் சொன்னால் அந்தாள் துள்ளிக் குதிக்கும்."

"அப்ப அந்தத் தூள் ஆருக்கு?"

"கறிக்கு."

"மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, திப்பிலி. மிளகாய் ஒரு துளியும் இல்லை. நீ கலியாணம் கட்டாதவன், உனக்குத் தெரியாது. அது சரக்குத்தூள், தினேசன். பிள்ளை பெத்தவளுக்குத்தான் அதிலை கறி வைச்சுக் குடுக்கிறது. வேறை ஒருத்தருக்கும் இல்லை. பழைய பருத்திச் சீலை கிழிச்சுக் குழந்தையைச் சுத்த. மகளின்ரை பிள்ளைப்பேத்துக்குப் போற தாய் சொக்லேட் கொண்டு போறதில்லை. இதைத்தான் கொண்டு போவா."

"அவையளுக்குப் பிள்ளையே இல்லை எண்டாரே?"

"சுவரைப் பாக்கேல்லையோ நீ? இந்த நாட்டிலை எங்கட வீடுகளிலை அவ்வளவு பெரிசாய் என்ன படம் மாட்டுறது?"

எனக்கு விளங்கியது. மகள் பெரியபிள்ளையானதும் மண்டபம் எடுத்து, பல்லக்கில் ஏற்றி, கொண்டாடி முடித்ததும் பெற்றவர்கள் செய்யும் முதல் வேலை அந்தப் படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டுவதுதான். சோபாவை விற்றாலும் அந்தப் படத்தைக் கழற்ற மாட்டார்கள். அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கடைக் கலண்டரைத் தொங்கவிட்டவருக்கு மகள் இல்லாமல் இல்லை. இல்லை என்று சொல்லிக்கொண்டு இருக்கிறார்.

"நான் அந்தப் பொதியைத் தூக்கிக்கொண்டு..." என்று தொடங்கி நிறுத்தினேன். ஒரு தாய் மகளுக்கென்று வறுத்து அரைத்துக் கட்டிவைத்ததைக் கையில் பிடித்துக்கொண்டு என்ன பகிடி விட்டேன்! வெட்கத்தில் எனக்கு உடம்பே கூசியது. அந்த வீதியில் அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை. அக்கா சுளை ஒன்றும் நீட்டத் தேவை வரவில்லை.

*

குலேந்திரன் அண்ணை கதவுக்குப் பின்னாலேயே நின்றிருப்பார் போல. மணி அடிக்க முதல் திறந்தார்.

"ஊர் தெரிஞ்சுதோ?"

"தெரிஞ்சுது. முதல் இருங்கோ," என்றார் அக்கா.

அவர் அமரவில்லை. அக்கா நேரே சுவருக்குப் போய்க் கலண்டரைக் கழற்றி மேசையில் வைத்தார். வெளிறிய சதுரம் முழுதாகத் தெரிந்தது.

"மகளின்ரை பேர் என்ன, அண்ணை?"

அவர் மேசையில் கிடந்த கலண்டரைப் பார்த்தார்.

"அவவுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. உங்கட மனிசி அதுக்குத்தான் போறா."

அவர் அதிர்ந்துபோவார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். அவர் அதிரவில்லை. தலை மட்டும் மெதுவாகக் குனிந்தது.

"'ஓம், எனக்குத் தெரியும்' எண்டு சொல்லிப்போடுங்கோ, அண்ணை," என்றார் அக்கா. கோபமில்லாமல்தான் சொன்னார். "மத்தியானத்திலிருந்து நீங்கள் விழுங்கினதையெல்லாம் சொல்லட்டோ? மனிசியிலை சந்தேகப்பட்டவன் முதல் கேக்கிறது ஆர் அவன் எண்டு. நீங்கள் ஊரைக் கேட்டியள், வீட்டைக் கேட்டியள். ஆரெண்டு ஒருக்காலும் கேக்கேல்லை. பெட்டிக்குள்ளை இருந்தது எல்லாம் சொன்னியள். ஒரு வீட்டையே தும்ம வைக்கிற பொதியை மட்டும் சொல்லேல்லை. அந்த மெஷின் கோப்பிக்கு வாங்கினதில்லை எண்டியள். எதுக்கு வாங்கினது எண்டு தெரிஞ்ச ஆள்தான் அப்பிடிச் சொல்லும்."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஆள் எங்களை ஒரு பொய்க்குப் பின்னால் ஓட விட்டிருக்கிறார்!

குலேந்திரன் அண்ணை சோபாவின் நுனியில் அமர்ந்தார். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கோபிஷா பிறக்கேக்கை இஞ்சை எங்களுக்கு ஒருத்தரும் இல்லை," என்றார். "மாமி ஊரிலை. ஊரிலை சண்டை. ஹரோ அக்கா ரெலிபோனிலை சொல்லச் சொல்ல நான்தான் வறுத்தது. இடிக்க உரல் இல்லாமல் அந்த மெஷினை வாங்கி அரைச்சனான். புகை மணத்துக்குக் கீழ்வீட்டுக்காரி பொலிசைக் கூப்பிட்டவள். இப்ப, போன ஞாயிற்றுக்கிழமை கோயிலாலை வந்து கதவைத் திறக்கிறன், அதே மணம். பிள்ளை பெத்திட்டாள் எண்டு விளங்கியிட்டுது. செருப்பைக் கழட்டாமல் அப்பிடியே நிண்டனான்."

"பிறகேன் மனிசியைப் பற்றி அந்தக் கதை சொன்னனீங்கள்?"

"அவள் வெள்ளைக்காரப் பெடியன் ஒருத்தனைக் கட்டப்போறன் எண்டு வந்து நிண்டநேரம் நான் தலை முழுகினனான், தங்கச்சி. சும்மா வாயாலை இல்லை. குளியலறைக்குள்ளை போய்ப் பைப்பைத் திறந்து, அவள் கேக்கத்தக்கதாய் முழுகினனான். ஏழு வருஷம். அதுக்குப் பிறகு எந்த முகத்தோடை என்ரை மனிசியிட்டை, மகள் எங்கை இருக்கிறாள் எண்டு கேக்கிறது? ஊர் தெரிஞ்சால் தனியப் போய்த் தூர நிண்டு பாத்திட்டு வரலாம் எண்டு நினைச்சன். உங்களிட்டை உள்ளதைச் சொல்ல வெக்கம். அந்த வெக்கத்துக்கு..." வெறும் சுவரைப் பார்த்தார். "அந்த வெக்கத்துக்கு, ஒரு பிழையும் செய்யாத மனிசியைக் கேவலப்படுத்திப்போட்டன்."

வெளியே பூட்டில் திறப்புப் போடும் சத்தம் கேட்டது.

இராஜேஸ்வரி அம்மா உள்ளே வந்தார். வேலை உடுப்பின் மேல் குளிர்ச்சட்டை. எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். வெறும் சுவரைப் பார்த்தார். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. அதற்குள்ளே நான் சரியாக மூடாமல் விட்டுப்போன பெட்டியைப் பார்த்தார். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஆர் இவையள்? பெட்டியை ஏன் திறந்தனீங்கள்?" பதில் வர முதலே அவரே தொடர்ந்தார். "நான் போகத்தான் போறன். நீங்கள் தலை முழுகின அண்டைக்கு நான் குசினிக்குள்ளை வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான். என்ரை பிள்ளை என்னைத் திரும்பிப் பாத்திட்டுப் படி இறங்கினவள். அந்த வெக்கத்தை ஏழு வருஷமாய்ச் சுமக்கிறன். இன்னும் என்னாலை ஏலாது. தடுக்கிறதெண்டால் தடுத்துப் பாருங்கோ."

அண்ணை எழுந்தார்.  அக்கா என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். வெளியே போக வழி அவர்களுக்கு நடுவால்தான் இருந்தது.

"சரக்குக்கு..." என்றார் அண்ணை. பெட்டிப் பக்கம் திரும்பினார். "சரக்குக்கு மிளகு காணாது, இராசி. கோபிஷாவுக்கு நான் அரைச்சதிலை இன்னும் கூடப் போட்டனான்."

இராஜேஸ்வரி அம்மா அப்படியே நின்றார். அந்தப் பெயரை இந்த வீட்டுக்குள் இந்த மனிதர் வாயால் கேட்டு ஏழு வருடம். கைப்பை நழுவி விழுந்தது. அதைக் குனிந்து எடுக்காமல், கதவோரம் கிடந்த செருப்புத் தட்டின் மேலேயே அமர்ந்து அழத் தொடங்கினார். அண்ணை பக்கத்தில் போனார். தொடத் துணிவில்லாமல் கையைத் தூக்கியபடி நின்றார்.

"என்னை மன்னிச்சுக்கொள். நானும் வரட்டோ?" என்றார். "உள்ளை வரேல்லை. வெளியிலை நிக்கிறன்."

"ரெண்டு ரிக்கெட்தான் எடுத்தனான்," என்றார் இராஜேஸ்வரி அம்மா, மூக்கைத் துடைத்தபடி. "சொல்லப் பயந்து பயந்து இண்டைக்கு வரைக்கும் இழுபட்டுப்போச்சு. மதிலைக் காட்டி, கடலைக் காட்டி, உங்கட மனம் நல்லாயிருக்கிற நேரமாய்ப் பாத்து அவளின்ரை வாசலுக்குக் கொண்டுபோய் விடுவம் எண்டு இருந்தனான். வரமாட்டன் எண்டால் தனியப் போறதெண்டு லூர்துக் கதையும் வைச்சிருந்தனான்."

"ஒருத்தருக்கும் சொக்லேட் வைக்கேல்லையே, அம்மா?" என்று கேட்டேன். என் வாயை என்ன செய்வது? ஆனால் இந்தத் தரம் பகிடிக்கு இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். "பெத்த தாய் சரக்கோடை போவாள். சொக்லேட் கொண்டு போறது விருந்தாளியின்ரை வேலை. அதை அவர்தான் வாங்கவேணும்."

சொல்லில் கொஞ்சம் கூர் இருந்தது. அண்ணை அதை வாங்கிக்கொண்டு தலையாட்டினார்.

*

சொக்லேட் வாங்க, கடைகள் மூட முதல், அண்ணை என்னைத்தான் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். சொக்லேட் தட்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். மகளுக்கு எது பிடிக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பாதாம் போட்டது, சிவப்புக் கடதாசி. கை நேரே போய் எடுத்தது. அடுத்ததற்குப் போன கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"தம்பி."

"சொல்லுங்கோ, அண்ணை."

"பால் சொக்லேட்டோ, கசப்போ, அந்தப் பெடியனுக்கு எது பிடிக்கும்?" காது மறுபடி சிவந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "அவன்ரை பேர் என்ன? நீங்கள் விசாரிச்சிருப்பியளே."

"விசாரிக்கேல்லை அண்ணை. நீங்கள் கேக்கச் சொல்லேல்லை."

"ஓம். நான் கேக்கேல்லை."

சனம் வண்டிலைத் தள்ளிக்கொண்டு எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அவர் தொலைபேசியை எடுத்தார். தட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எனக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்து, எனக்குக் கேட்கும்படியே கேட்டார்.

"இராசி, மருமகன்ரை பேர் என்ன?"

 மறுபக்கத்தில் இராஜேஸ்வரி அம்மா ஏதோ சொன்னார். அண்ணை கேட்டுக்கொண்டார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். கசப்புச் சொக்லேட் இரண்டு எடுத்துக் கூடைக்குள் வைத்தார்.

திரும்பி வரும் வழி முழுக்கப் பையை மடியில் வைத்துக்கொண்டு, வாசலில் போய் நிற்கும்போது பிழைத்துவிடக் கூடாது என்று, அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். கரெத். கரெத். கரெத். நான் ரேடியோவைப் போடவில்லை.